நூற்றிருபத்தொன்றாவது பலகை

நான் போல்ட் முறுக்க வருபவன்.
ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்.
ஒரு ஸ்பேனர், ஒரு கிரீஸ் டப்பா,
கம்பிவடத்தில் அறுந்த இழைகளை எண்ணி எழுத
ஒரு நோட்டு.
நகராட்சி தரும் கூலியில் பஸ் டிக்கெட்டும் அடக்கம்.
இரண்டு ஊரிலும் எனக்கு உறவு கிடையாது.
அதனால்தான் என்னை அனுப்புகிறார்கள்.

மேற்கே சில்கானி. கிழக்கே கந்துமார்க்கா.
இடையில் கிடுகிடு பள்ளம்,
அதன் அடியில் பூக்காமாயு.
கெச்சுவாவில் சிவப்பாறு என்று பொருள்.
ஜனவரியில் பார்த்தால்
பெயர் வைத்தவன் அதிகம் யோசிக்கவில்லை என்று தெரியும்.

பள்ளிக்கூடம் அந்தக் கரையில்,
மாத்திரை இந்தக் கரையில்.
சுற்றிப்போனால் ஆறு மணி நேரம்.
அதற்கும் முன்பு, வறட்சி வந்த வருடம்,
மேய்ச்சல் மேட்டுக்காகக் கவண்கல் பறந்தது.
எர்மோஹெனஸின் இடது கண் அந்தக் கணக்கில் போனது.
யார் கை என்று அவனுக்கும் தெரியும்,
கைக்கும் தெரியும்.

பாலத்துக்கு ஒப்புக்கொண்டபோது பேச்சு இப்படி:
தூணும் வடமும் அரசாங்கத்தினுடையவை,
பலகை ஊராருடையது.
ஊருக்கு நூற்றிருபது, யூகலிப்டஸ் மரத்தில்.
அவரவர் கரையிலிருந்து அடித்துக்கொண்டு
நடுவுக்கு வர வேண்டும்.
வந்தார்கள்.
நூற்றிருபதும் நூற்றிருபதும் அடித்த பிறகு
நடுவில் ஒரு பலகை அகலத்துக்கு
வானம் கீழே தெரிந்தது.

லா பாஸிலிருந்து வந்த பொறியாளர்
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இருநூற்று நாற்பத்தொன்று.
ஒற்றைப்படையை இரண்டு ஊருக்குப் பங்கு வைக்க
எந்தக் கல்லூரியிலும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

எங்கள் கணக்கு முடிந்தது என்றது சில்கானி.
எங்களுடையதும்தான் என்றது கந்துமார்க்கா.
ஒரு பலகை. ஒரு கோழியின் விலை.
மூன்று முறை கூட்டம் கூடிக்
கோகா இலையை மென்று பச்சையாகத் துப்பிவிட்டு
அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வருடம் முழுக்கத் தாண்டினார்கள்.
பெரியவர்களுக்கு ஒரு எட்டு, பிள்ளைகளுக்கு ஒரு துள்ளல்.
லாமாக்கள் அந்த இடம் வந்ததும்
சுங்கச்சாவடியைக் கண்டதுபோல நின்றுவிட்டன.
டயர் செருப்பு ஒன்று விழுந்தது.
திருவிழா இரவில் குடித்துவிட்டு வந்த ஒருவன்
அதில் இரண்டு காலையும் தொங்கவிட்டு
விடியும்வரை ஆற்றோடு வழக்காடினானாம்.

நோட்டில் எழுதினேன்: பலகை 121, இல்லை.
எந்தக் கரையிலிருந்து எண்ணினாய் என்று
அதிகாரி அதட்டினார்.
எங்கிருந்து எண்ணினாலும் அதே நம்பர்தான் ஐயா, என்றேன்.

மறு வருடம் போனால் ஓட்டை இல்லை.
மற்றதெல்லாம் வெயிலில் வெளுத்த சாம்பல் நிறம்.
இது மட்டும் நீலம்.
தடித்த பழைய மரம், அளவுக்கு அறுத்தது,
ஓரத்தில் கீல் பிடுங்கிய வடு,
நடுவே ஒரு சாவித்துவாரம்.

சில்கானியில் கேட்டேன், அவர்கள் போட்டது என்றார்கள்.
கந்துமார்க்காவில் கேட்டேன், அவர்கள் போட்டது என்றார்கள்.
எங்களுடையது என்றால் தோற்றதாகிவிடும்.
அல்லது ஜெயித்ததாகிவிடும்;
அதுவும் லேசான காரியமில்லை.

மாலையில் கடைசி பஸ்ஸுக்கு மேடேறினேன்.
ஒரு வீட்டு நிலையில்
கதவு இருக்க வேண்டிய இடத்தில் கம்பளி தொங்கியது.
ஜூலை இரவுகளில் இங்கே குடத்துத் தண்ணீர் கல்லாகும்.
ப்ளாசிதா கோல்கே கோழிகளை உள்ளே விரட்டிக்கொண்டிருந்தாள்.
நான் பார்ப்பதைப் பார்த்தாள்.
காற்று நல்லது, என்றாள்.
கம்பளியை இழுத்து விட்டாள்.
அது எந்தக் கரை என்று
நோட்டில் எழுதவில்லை. இங்கும் எழுதவில்லை.

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது.
அன்று காலை நடுப்பாலத்தில் வேலையாக இருந்தபோது
எர்மோஹெனஸ் வந்தான்.
தொப்பியைக் கழற்றி வைத்தான், குப்புறப் படுத்தான்,
சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தான்.
மற்றதை மூட வேண்டிய வேலை அவனுக்கு இல்லை.
இரு பக்கமும் மூட்டையோடு ஆட்கள் நிற்கிறார்கள்.
பாலம் மெல்ல ஆடுகிறது.
என்னய்யா தெரியுது, என்றது யாரோ ஒரு குரல்.
தண்ணி, என்றான்.
எழுந்திருக்கவில்லை.

யாரும் அவசரப்படுத்தவில்லை.
ஏற்கெனவே முறுக்கிய போல்ட்டை
நான் இன்னொரு அரைச்சுற்று முறுக்கினேன்.